பத்துக் கைகள்

இது நடந்தது, கண்ணுகளா. யாரோ யாரிடமோ கேட்டு, ஊரெல்லாம் சுற்றி என் காதுக்கு வந்த கதை இல்லை. காவெஹி என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவள். என் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னாள். அப்போது காலை பதினொரு மணி. வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். அப்படியும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படியுங்கள். நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர் இருபத்தொன்பது. செவ்வாய்க்கிழமை. நிலா இல்லாத நாள்.

எங்கள் தீவின் கோனா கடலில் இருட்டிய பிறகு, சிறகு விரித்து நீந்தும் பெரிய ஆனைத்திருக்கை மீனைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் படகு ஒன்றில் காவெஹி தண்ணீர் வழிகாட்டி. பதினோரு வருஷ வேலை. அந்தக் கடல் அவளுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. அவள் தங்கை உயிலானி அப்படி இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு நீரோட்டத்தில் மாட்டி, மூச்சுத் திணறி, கரைக்கு வந்து விழுந்தவள். அதற்கப்புறம் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் படவிட்டதே கிடையாது. பிறகு லாஸ் வேகாஸுக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்து அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்தாள். வியாழக்கிழமை திரும்பவேண்டும்.

செவ்வாயன்று படகில் வரவேண்டிய இரண்டு பேர் வரவில்லை. இடம் காலி.

"வாடி. இன்னைக்கு விட்டா எப்போ?" என்றாள் காவெஹி.

"என்னை ஏன்க்கா இழுக்கறே? நான் பாலைவனத்துல பொழைக்கிறவ. எனக்குக் குளிக்கிற தொட்டியே ஆழம்."

"நீந்த வேண்டாம். ஒண்ணுமே செய்ய வேண்டாம். பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கணும். அவ்வளவுதான்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவளைப் பத்திரமா கொண்டு வருவியா?"

"தலைமுடி நனையாம கொண்டு வரேன்மா."

"கடலுக்குள்ள இறக்கிட்டுத் தலைமுடி நனையாமயா? பொய் சொன்னாலும் அளவா சொல்லுடி."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் அம்மா காவெஹியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று காவெஹிக்குத் தெரியும்.

மாலை ஆறரைக்குப் படகு கிளம்பியது. ஓட்டுபவர் ரபோஸோ. ஊரில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான்.

"ஏய் வேகாஸ்!" என்றார் உயிலானியைப் பார்த்து. "நீ தண்ணியில விழுந்தா தூக்கறதுக்கு என் முதுகுல பலம் இல்லம்மா. ஒரே வாரத்துல உங்க அம்மா சோறு போட்டே உன்னை ரெண்டு ஆளாக்கிட்டாங்க."

"உங்க வயித்தைவிடக் கொஞ்சம் கம்மிதான் அங்கிள்."

"இது வயிறு இல்ல. மிதவை." தட்டிக் காட்டினார். அப்புறம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "இன்னைக்குக் கடல் மொத்தமும் நமக்குத்தான். வடக்கேருந்து அலை வருதுன்னு மத்த படகு ஒண்ணுகூட வரல. பயந்தாங்கொள்ளிங்க."

காவெஹி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு மறந்துபோனாள். அந்த மறதிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

விளக்குப் பலகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அலைச்சறுக்குப் பலகை மாதிரி நீளமாக இருக்கும். அடியில் விளக்குகள். வெளிச்சம் கீழ்நோக்கி அடிக்கும். வெளிச்சத்துக்குப் பொடிப்பொடியான கடல் பூச்சிகள் வந்து மொய்க்கும். பூச்சியைத் தின்ன ஆனைத்திருக்கை வரும். பலகையின் பக்கத்துக்கு மூன்று பேர் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதப்பார்கள். முன்னால் வழிகாட்டி பலகையை இழுத்துக்கொண்டு போவாள்.

குதிப்பதற்கு முன் காவெஹி தங்கையின் மூச்சுக் குழாயில் ஒரு சின்னப் பச்சைக் குச்சியைக் கட்டினாள். இருட்டில் ஒளிரும் குச்சி. எல்லோருக்கும் கட்டுவது வழக்கம்.

"பலகையை விடாதே. அது ஒண்ணுதான் உன் வேலை. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்."

"எதை எண்ணுவே?"

"கையை. தலையெல்லாம் கவிழ்ந்திருக்கும், முடியெல்லாம் ஒண்ணா மிதக்கும். கை மட்டும்தான் வெளிச்சத்துல சுத்தமா தெரியும். அஞ்சு பேரு, பத்துக் கை. பத்து இருந்தா எனக்கு நிம்மதி."

"என்கிட்ட ரெண்டு கைதான் இருக்கு. மறந்துடாதே."

"ரெண்டும் சோம்பேறிக் கை. எனக்குத் தெரியாதா?"

ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்குத் தண்ணீரில் இறங்கினார்கள். பலகையின் இடது பக்கம் ஒசாகாவிலிருந்து வந்த இரண்டு தோழிகள், அவர்களுக்குப் பின்னால் மினசோட்டாக்கார அம்மாள். வலது பக்கம் முதலில் உயிலானி, காவெஹியின் கைக்கு எட்டுகிற தூரத்தில். அடுத்து அந்த அம்மாளின் கணவர். கடைசி இடம் காலி.

ஏழு பதினான்கு. காவெஹி எண்ணினாள். பத்து.

முதல் ஆனைத்திருக்கை ஏழு பதினேழுக்கு வந்தது. அடியிலிருந்து ஒரு வெள்ளை வயிறு மேலே எழுந்தது. ஒரு கட்டில் விரிப்பை யாரோ தண்ணீருக்குள் உதறிய மாதிரி. வாயைத் திறந்துகொண்டு நேரே உயிலானியின் முகத்துக்கு வந்து, ஒரு சாண் இருக்கும்போது அப்படியே மல்லாந்து புரண்டு கீழே போனது. உயிலானி குழாய்க்குள்ளேயே அலறினாள். பிறகு அதே குழாய்க்குள் சிரித்தாள். காவெஹிக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. ஒன்பது வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது.

ஏழு இருபத்தாறு.

காவெஹி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். வலப்பக்கம், வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடத்தில், ஒரு ஆள் மிதந்துகொண்டிருந்தது. தனியாக. முகம் கவிழ்ந்து. நீளமான முடி தண்ணீரில் விரிந்து.

இது அடிக்கடி நடப்பதுதான். வேறு படகின் பலகையிலிருந்து கை நழுவி யாராவது மிதந்து வருவார்கள். பார்க்கிற வழிகாட்டி கூப்பிட்டுத் தன் பலகையில் சேர்த்துக்கொள்வாள். அப்புறம் அந்தப் படகுக்காரரிடம் ஒப்படைப்பாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர்.

"வா, வா!" என்று கூப்பிட்டாள் காவெஹி. "இங்கே இடம் இருக்கு! பிடிச்சுக்கோ!"

எங்கள் ஊரில் வாசலில் யார் போனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, வா வந்து சாப்பிடு என்று கூப்பிடுவோம். கூப்பிட்டுவிட்டால் அவர் நம் ஆள். பிறகு போ என்று சொல்வதில்லை. ஆனால் இருட்டிவிட்டால் அப்படிக் கூப்பிட மாட்டோம். முதலில் முகத்தைப் பார்ப்போம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போம். பதில் வந்தால்தான் வா என்போம். தொட்டில் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது தெரியும். காவெஹிக்கும் தெரியும். வேலை மும்முரத்தில் வாய் முந்திக்கொண்டது.

அந்த ஆள் வந்தது. காலை அடித்து வரவில்லை. கையை வீசி வரவில்லை. வந்தது... அவ்வளவுதான். காலியாக இருந்த கடைசி இடத்தில் இரண்டு கைகள் பலகையைப் பிடித்தன.

ஏழு இருபத்தெட்டு. எண்ணினாள். பன்னிரண்டு. சரி.

முதல் ஆனைத்திருக்கை கீழே போனது. திரும்பி வரவில்லை. இரண்டாவதும் போனது. மூன்றாவது, பலகையின் வலப்பக்கம் வரை வந்து, சட்டென்று ஒரு சிறகை மடக்கி, இருட்டுக்குள் பாய்ந்தது.

பூச்சிகளும் விலகின. பலகையின் வலது பின்பக்கம் மட்டும் தண்ணீர் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

காவெஹிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... பலகையில் நகத்தால் தட்டுகிற மாதிரி. நிதானமாக. தட்டுவது யார் என்று பார்த்தாள். வெளிச்சத்தில் எல்லாக் கைகளும் அசையாமல் இருந்தன.

அப்புறம் மூச்சைக் கேட்டாள். குழாய் வழியாக விடுகிற மூச்சு தண்ணீரில் நன்றாகக் கேட்கும். ஹுஃப்... ஹுஃப்... அவளைச் சேர்த்து ஏழு பேர். ஏழு மூச்சு கேட்கவேண்டும்.

ஆறுதான் கேட்டது.

அப்போதுதான் அந்தப் புது ஆளின் தலையை ஒழுங்காகப் பார்த்தாள். குழாய் இல்லை. முடிக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வந்து ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. ஒரு தடவைகூடத் தலை மேலே வரவில்லை.

அப்போதுதான் ரபோஸோ அங்கிள் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

மத்த படகு ஒண்ணுகூட வரல.

அப்படியானால் இது எந்தப் படகிலிருந்து...

ஒரு அலை வந்து பலகையைத் தூக்கிப் போட்டது. வாய்க்குள் உப்புத் தண்ணீர். இருமினாள். மாஸ்க்கைச் சரிசெய்தாள். மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

ஏழு முப்பத்தேழு. எண்ணினாள்.

பத்து.

கடைசி இடம் காலி. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. போய்விட்டது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விட்டது. ஐந்து பேர், பத்துக் கை. கணக்கு சரி. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். படகுக்குத் திரும்பலாம் என்று சொல்லத் தலையைத் தூக்கினாள்.

தண்ணீருக்கு மேலே பச்சைக் குச்சிகள் மினுங்கின.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்கு...

மறுபடி எண்ணினாள். நான்கு.

மெல்லத் திரும்பித் தன் வலப்பக்கம் பார்த்தாள். முதல் இடம். தங்கையின் இடம். அங்கே ஒரு தலை கவிழ்ந்திருந்தது. முடி விரிந்திருந்தது. நீளமான முடி. உயிலானிக்குத் தோள்வரைதான் முடி.

பலகையில் காவெஹியின் கைக்குப் பக்கத்தில் இரண்டு கைகள். வெளுத்திருந்தன. துணி துவைத்துத் துவைத்து ஊறிப்போன கை மாதிரி, விரலெல்லாம் சுருங்கி.

டக்... டக்...

"உயிலானி!"



"உயிலானி!"

படகு முப்பது மீட்டர் தள்ளி நின்றது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரபோஸோ அங்கிள் காவெஹி கத்துவதைக் கேட்டுக் கையை உயர்த்தி ஆட்டினார். ஆனைத்திருக்கை வந்துவிட்ட சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்தார். தினமும் யாராவது கத்துவார்கள்.

பலகையை விட்டுவிட்டுத் தேடிப் போகலாம். விட்டால் மற்ற நான்கு பேர்? நீரோட்டம் பலகையைக் கரையோரக் கரும்பாறைகளுக்கு இழுத்துப்போகும். அலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பாறைகள் கத்தி மாதிரி. நான்கு பேர் இங்கே. ஒருத்தி அங்கே. அவளைத்தான் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

அப்போது கண்ணில் பட்டது. ஐந்தாவது பச்சைக் குச்சி.

தூரத்தில். கடல் பக்கம். இருட்டுக்குள்.

அது மிதந்து போகவில்லை. நீரோட்டத்துக்கு எதிராக, நேராக, போய்க்கொண்டிருந்தது. நீந்தத் தெரியாத உயிலானி.

அதற்கும் அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வா தங்கம்... வா... இங்கே இடம் இருக்கு... பிடிச்சுக்கோ..."



அது அவளுடைய குரல்.

அவளுடைய அதே குரல். அதே இழுப்பு. வா என்பதை அவள் எப்படிச் சொல்வாளோ, அப்படியே.

நான்கு பேர் எப்படியோ போகட்டும் என்று வலது கையைப் பலகையிலிருந்து எடுக்கப் பார்த்தாள்.

எடுக்க முடியவில்லை.

மணிக்கட்டின்மேல் ஒரு கை இருந்தது.

இறுக்கமாக இல்லை. வலிக்கவில்லை. சும்மா வைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு நூல் அளவுகூட அசைக்க முடியவில்லை. பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி. குளிர் எலும்புவரை ஏறியது. பக்கத்துத் தலை அசையவில்லை. கவிழ்ந்தபடியே இருந்தது. அது திரும்பிப் பார்த்தால்... என்று நினைத்தாள். நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

ஏழு நாற்பத்தொன்று.

"உயிலானி! நான் இங்கே இருக்கேன்! இங்கே!"

"வா தங்கம்... நான் இங்கே இருக்கேன்... இங்கே..."

பச்சைக் குச்சி நின்றது. தடுமாறியது. இரண்டு பக்கமும் அக்காவின் குரல். எது அக்கா?

"அது நான் இல்லடி! திரும்பி வா!"

"அது நான் இல்ல தங்கம்... வா..."

குச்சி மறுபடி நகர்ந்தது.

கடல் பக்கம்.

நைந்துபோன குரலில் எவ்வளவு கெஞ்சினாலும் அதுவும் அப்படியே கெஞ்சும். எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அது இன்னும் அன்பாகச் சொல்லும். காவெஹிக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஆத்திரமும் வந்தது. எதன்மேல் என்று தெரியாத ஆத்திரம். வாயைத் திறந்தாள்.

"அடியே உயிலானி! பன்னி மூஞ்சி! என் சிவப்புச் செருப்பைத் திருடி மாட்டிக்கிட்டு விமானம் ஏறினவதானே நீ! ஒன்பது வருஷமா எடுக்கவே இல்லைன்னு சாதிக்கிறவதானே! திருட்டுக் கழுதை! திரும்புடி!"

கடல் அமைதியானது.

இருட்டுக்குள்ளிருந்து, இருமலுக்கு நடுவில், கோபமாக ஒரு குரல்.

"அது என் செருப்பு!"

"உன் செருப்பா? யார் காசுடி அது?"

"அம்மா எனக்குத்தான் வாங்கிக் கொடுத்தாங்க! உனக்குப் பொறாமை!"

"அப்படின்னா இங்கே வந்து சொல்லு! காலை உதைடி சோம்பேறி! உதை!"

பச்சைக் குச்சி திரும்பியது. தண்ணீரை அடிக்கிற சத்தம் கேட்டது. தப்தப்பென்று, அசிங்கமாக, நீந்தத் தெரியாதவர்கள் அடிக்கிற அடி. இருட்டிலிருந்து அந்த இன்னொரு குரல் ஏதோ சொல்லப் பார்த்தது. "வா..." என்றது. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்தச் செருப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

"உதை! இன்னும்! சமையல்கட்டுல என்கிட்ட சண்டை போடும்போது உதைப்பியே, அப்படி உதை!"

இருபது மீட்டர். பத்து. ஐந்து.

இடது கையை நீட்டினாள். உயிலானியின் விரல் பட்டது. பிடித்தாள். இழுத்தாள். சூடான கை. நடுங்குகிற கை. உயிருள்ள கை.

வலது மணிக்கட்டின்மேல் இருந்த பாரம் போனது.

டக்... என்று ஒரே ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ஏழு நாற்பத்தொன்பது. பத்துக் கைகள். ஐந்து பச்சைக் குச்சிகள்.

படகின் ஏணியில் ஒவ்வொருவராக ஏறும்போது காவெஹி முகத்தில் டார்ச் அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் மேலே விட்டாள். ஐந்து பேர். கடைசியாக அவள் ஏறினாள். ஏறிய பிறகு ஏணியைத் தானே தூக்கி உள்ளே போட்டாள்.

"என்னாச்சு?" என்றார் ரபோஸோ அங்கிள்.

"அவளுக்குக் கால் நரம்பு பிடிச்சுக்கிச்சு."

ஒசாகாப் பெண்களில் ஒருத்தி துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டாள். "நடுவுல வந்தாங்களே, அந்தப் பொண்ணு எங்கே? எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சாங்க! தலையைத் தூக்கவே இல்ல."

"அவங்க படகுக்குப் போயிட்டாங்க" என்றாள் காவெஹி.

ரபோஸோ அங்கிள் அவளைப் பார்த்தார். எந்தப் படகு என்று அவர் கேட்கவில்லை. ரேடியோவை நிறுத்தினார்.

காரில் உயிலானிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ காதுகிட்ட வந்து கூப்பிட்டேக்கா. பலகை மாறிப் பிடிச்சிருக்கே, வா தங்கம்னு. நான் கையை விட்டுட்டேன்." ஈர முடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ என்னைக்கு என்னைத் தங்கம்னு கூப்பிட்டிருக்கே? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்க முடியாமல் அழுதார்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை உயிலானி கிளம்புகிற வரைக்குமாவது.

கண்ணுகளா, அம்மாவிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது பத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். உயிலானி நேராகக் குளியலறைக்குப் போனாள். காவெஹி கொல்லைப்புறக் குழாயில், கடலில் போட்டிருந்த ரப்பர் உடைகளை அலச உட்கார்ந்தாள். வாசலில் அம்மா பேசுகிற சத்தம் கேட்டது. தங்கையிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். குளியலறைக்குள்ளிருந்த உயிலானிக்கும் அது கேட்டது. அம்மா அக்காவிடம் பேசுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காவெஹி வேலையை முடித்து, சாப்பிட்டு, கூடத்துக்கு வந்தபோது மணி பத்தரை. விளக்கை அணைத்திருந்தார்கள். அன்றைக்குத் தனியாகப் படுக்க முடியாது என்று உயிலானி சொல்லியிருந்ததால், அம்மா கூடத்திலேயே பெரிய பாய் விரித்துப் போட்டிருந்தாள். காவெஹி இருட்டில் தடவி, கதவோரமாகப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர். கையை நீட்டிப் பக்கத்தில் தங்கையைத் தேடினாள். கை கிடைத்தது. இன்னும் சில்லென்று இருந்தது. பாவம், கடல் குளிர் விடவில்லை என்று நினைத்தாள். அது விரல்களை மடக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியில்தான் அவள் தூங்கிப்போனாள்.

காலை ஆறு ஐம்பது. அம்மா காப்பியோடு வந்தாள். கூடத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எப்போ எழுந்து போச்சு?"

"எந்தப் பொண்ணு?" என்றாள் காவெஹி.

"நேத்து உங்ககூட வந்துச்சே. தலையெல்லாம் ஈரம். கம்பிவலைக் கதவுக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் கூப்பிடறவரைக்கும் உள்ள வரல. அவ்வளவு மரியாதை."

காவெஹி எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ... கூப்பிட்டியா?"

"யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன். கேக்காம விடுவேனா? 'காவெஹி கூப்பிட்டாங்க, வந்தேன்'னு சொல்லுச்சு. நீ கூப்பிட்ட பொண்ணை நான் வாசல்ல நிறுத்தவா முடியும்?" அம்மா காப்பியைக் கீழே வைத்தாள். "சோறு வேண்டாம்னுடுச்சு. குளிருது, குளிருதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுக்க வச்சேன்."

பாயின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டி, உயிலானி எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் போர்வைக்குள் மடக்கி வைத்திருந்தாள். ராத்திரி முழுக்க அப்படித்தான் வைத்திருந்தாளாம்.